அஞ்சு நாளைக்கு மட்டும்

மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்ன கிளாராவை இன்னும் காணோம். வராமலே போய்விட்டால்கூட நல்லதுதான் என்று அருள்செல்வி நினைத்தாள். நினைத்த கையோடு, போடி பைத்தியக்காரி, அவள் வராவிட்டால் இந்த ரெண்டையும் யார் பார்ப்பது, சாயங்காலம் ராமேஸ்வரத்துக்கு ரயில், டிக்கெட் எடுத்து எத்தனை நாளாகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கூடத்தில் பெட்டிகள் கட்டி வைத்தாயிற்று. தீர்த்தம் ஆடிவிட்டு மாற்றிக்கொள்ள ஒரு பை நிறையத் துணி, அத்தை போனில் சொல்லச் சொல்ல எடுத்து வைத்த மஞ்சள், குங்குமம், பிரதிஷ்டை பண்ணப்போகும் நாகர் சிலைக்குச் சாத்தப் பட்டுத் துண்டு, எல்லாம் தயார். பூனைகள்தான் பாக்கி. மோர் என்கிற பூனை பெட்டிமேல் ஏறிப் படுத்துக்கொண்டு, இது எனக்காக வாங்கிய கட்டில் என்கிற மாதிரி கண்ணை மூடியிருந்தது. வெள்ளை வெளேரென்று, நல்ல சதைப்பிடிப்பு. கடுகு கறுப்பு, ஒல்லி, ஜன்னல் கம்பிக்கும் வலைக்கும் நடுவே உட்கார்ந்து எதிர் மாடிப் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரெண்டும் அக்கா தங்கை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அடைமழையில் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தபோது, மோட்டார் ரூம் படியில் கத்திக்கொண்டிருந்ததுகளைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினவள் இவள். அன்றைக்கு உள்ளே வந்ததுகள்தான். அதற்கப்புறம் டாக்டரிடம் போனதைத் தவிர இந்த வாசலைத் தாண்டியதில்லை. தாண்டவும் ஆசைப்பட்டதில்லை. கதவு திறந்தால் உள்ளே ஓடுகிற பூனைகள் இவை.

ஒரு வாரமாக இதே பிழைப்பு. கீழ் வீட்டு டீச்சரைக் கேட்டாள், அந்த அம்மாள் தன் வீட்டுக்காரருக்குப் பூனை முடி ஆகாது என்றார், ஆகாதது யாருக்கு என்று இவளுக்குத் தெரியாதா. வேலூரில் இருக்கும் தங்கையைக் கேட்டாள், அவளுக்குக் கைக்குழந்தை, கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது, தங்கை பேச்சில் ஒரு இரக்கம் வந்து ஒட்டிக்கொண்டது, அதற்குப் பதில் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருக்கலாம். மிருக ஆஸ்பத்திரியில் விடலாம் என்றார்கள், போய்ப் பார்த்தாள், கூண்டுக்குமேல் கூண்டு, மேல் கூண்டில் ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது, பார்த்த உடனேயே திரும்பி வந்துவிட்டாள். அப்போதுதான் அவள் புருஷன் புகழேந்தி, கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால்கூட யாருக்குப் போன் பண்ணுவது என்று கேட்கிற புகழேந்தி, பெரம்பூரில் கிளாரா என்று ஒரு பெண் இருக்கிறாள், ஊருக்குப் போகிறவர்களின் பூனைகளைப் பார்த்துக்கொள்கிறாள், பேசி முடித்தாயிற்று, நீ கவலைப்படாதே என்றான். இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்தில் அவராக ஒரு காரியத்தை எடுத்து முடித்தது இதுதான் முதல் தடவை என்று தங்கையிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஒரே ஒரு குறை. அவள் இங்கே வந்து பார்த்தால் போதுமே, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, இதுகள் இடம் மாறினால் நடுங்குமே என்று கேட்டாள். அதற்கு அவன், அவளுக்கு வந்து போக வசதிப்படாதாம் அருள், அவள் வீட்டில்தான் வைத்துக்கொள்வாளாம், அஞ்சு நாளைக்கு மட்டும்தானே, என்றான். அஞ்சு நாளைக்கு மட்டும்தானே என்று இவளும் சொல்லிக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போது சொல்லிக்கொண்டாள், துணி மடிக்கும்போது சொல்லிக்கொண்டாள். எத்தனை தரம் சொன்னாலும் அது தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

அஞ்சு நாளும் கடுகு அந்தக் கிளாரா வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். சாப்பிடாது. யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து ரெண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். தன்னை எதற்காக இங்கே கொண்டுவந்து போட்டார்கள் என்று அதற்கு யார் சொல்வது? சொன்னாலும் அதற்கு என்ன புரியும்? புரியும்படி சொன்னால் மட்டும் என்ன, தனக்கு எல்லாம் புரியும்படி சொன்னார்கள், படம் போட்டுக் காட்டினார்கள், என்ன ஆயிற்று? குழந்தைக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில், அந்த அறையின் கூரையில் நீல வானமும் மேகமும் வரைந்த பலகை ஒட்டியிருந்தார்கள், படுத்திருக்கிறவர்கள் மனசு லேசாக இருக்கட்டும் என்று யாரோ புண்ணியவான் யோசித்திருக்கிறான். கொஞ்சம் அசையாமல் படுங்கம்மா. கொஞ்சம் காலை நகர்த்துங்க. கொஞ்சம் வலிக்கும். எல்லாம் கொஞ்சம்தான். வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும் வேளைகள் தவறக்கூடாது என்று பள்ளிக்கூட லைப்ரரி வேலையை விட்டதும் கொஞ்ச நாளைக்குத்தான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. முதல் தரம் கரு தங்கவில்லை, ரெண்டாம் தரம் தங்கவில்லை, மூன்றாம் தரம் ஒரு பத்து நாள் தங்கின மாதிரி ஆசை காட்டிவிட்டுப் போயிற்று. அந்த ராத்திரி குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது மோர் வந்து மடியில் ஏறப் பார்த்தது, ஈரம் என்று கண்டுகொண்டு, மடியை விட்டுவிட்டுக் காலோரம் சாய்ந்துகொண்டது. அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. வேறு எதை நினைத்தும் அப்படி வருவதில்லை, அது ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பூனை இருக்கிற வீட்டில் குழந்தை தங்காது. இதைச் சொன்னது அத்தை, ராஜகாந்தம், அவனுடைய அம்மா. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் பெரிய சங்கடம். அம்பத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், வரும்போதெல்லாம் முருங்கைக்கீரை ஆய்ந்து எடுத்துக்கொண்டு வருவாள், இவள் கால் வீங்கியிருந்தால் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாள், இவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பூனைகளைத்தான் சொல்வாள். முடி வயிற்றுக்குள்ளே போகும் என்பாள், மூச்சுக்காற்று ஆகாது என்பாள். டாக்டரம்மாவே ரத்தம் எடுத்துப் பார்த்து, பூனையால் உங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள், அதைப் புகழேந்தி அத்தையிடம் சொன்னான், அத்தையும் அப்படியா என்று கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டு மறு வாரமே திரும்ப ஆரம்பித்தாள். ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணினது தெரிந்த அன்றைக்குத்தான் அத்தை நிஜமாகவே பதறிப்போனாள். வாயில்லா ஜீவனுக்குக் குட்டி போடாமல் பண்ணிவிட்டாயே அருளு, அது வயிறு எரிஞ்சா சும்மா விடுமா, என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தரமும் தங்காமல் போனபோது அத்தை போனில் அந்த ரெண்டையும்தான் திட்டினாள், சனியனுங்க, பாவிங்க, என்று. இவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே ஒரு கையால் கடுகின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டிவிட்டுப் போகட்டும், அதுகளுக்குத் தமிழா தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். அதற்கு அப்புறம் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும். அது என்ன நிம்மதி என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும், அது அவளிடம் நிறைய இருந்தது.

ஆனால் இந்த வாரம் எல்லோருமே நல்லவர்களாக மாறிவிட்டார்கள். புகழேந்தி ஆபீசிலிருந்து வரும்போது எலும்பில்லாத கோழிக்கறி வாங்கிவந்து, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்துத் தானே பிய்த்துப் போட்டான். முந்தாநாள் மோரை மடியில் வைத்துக்கொண்டு டி.வி.யைக்கூடப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான், சட்டையெல்லாம் முடி, தட்டிவிடவும் இல்லை. என்னங்க, புதுசா இருக்கு, என்று கேட்டதற்கு, ஊருக்குப் போறோமே அதான், என்றான். பூனைக்கு மண் மூட்டை தீர்ந்துபோச்சு வாங்கணும் என்றாள், வந்து வாங்கிக்கலாம் விடு என்றான். அத்தை போன் பண்ணியபோது பூனைகளைப் பற்றி ஒரு வசவு இல்லை, பத்திரமா அனுப்பி வைம்மா, அதுங்களும் உசுருதானே, என்றாள். போனை வைத்துவிட்டு இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷம் கழித்து ஒரு வழியாக நம்மைப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். புரிந்துகொண்டவர்களுக்காக ராமேஸ்வரம் என்ன, காசிக்கே போகலாம். இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு தம்பதியாக உட்கார்ந்து, கல் பாம்புக்குப் பால் ஊற்றிவிட்டு வரலாம். அதில் ஒன்றும் வலிக்காது. திரும்பி வந்த பிறகு டாக்டரம்மா நாலாவது தரம் ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் இப்போது நினைக்க வேண்டாம். நாலாவது தரத்தை நினைத்தால் ஊசி போடுகிற இடம் சில்லென்று ஆகிறது, இந்த வீட்டுக்குக் கதவே இல்லை, சுற்றி நாலு சுவர்தான் என்று தோன்றுகிறது. வேண்டாம். பூனைகளைப் பற்றி நினைக்கலாம்.

மணி அடித்தது. கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தாள். கிளாரா முப்பது வயதுக்காரி, குட்டையாக, வியர்த்து விறுவிறுத்து, ரெண்டு கையிலும் ரெண்டு பிளாஸ்டிக் கூடையோடு பக்கவாட்டில் நுழைந்தாள், நுழைகிற விதத்திலேயே பூனை வீடுகளில் பழகினவள் என்று தெரிந்தது. அந்த ஒன்றுக்காகவே அருள்செல்விக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"மன்னிச்சுக்கக்கா, பஸ்ஸே வரல. இன்னொரு வீட்ல பூனைக்குச் சோறு வெச்சுட்டு வரேன். அயனாவரத்துல."

"வீட்டுக்கே போய்ப் பாப்பீங்களா நீங்க?"

"போவேனேக்கா. நிறையப் பேரு அப்பிடித்தான் கேப்பாங்க. அதுங்களுக்கும் அதான் நல்லது."

அருள்செல்வி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் அந்தப் பதில் அவள் கூடவே வந்தது. வீட்டுக்கே போவாளாம். பின்னே இங்கே வர வசதிப்படாது என்று அவர் ஏன் சொன்னார்? அயனாவரத்துக்கு வசதிப்படுகிறவளுக்கு நம் கொளத்தூர் என்ன சீமையா? பெரம்பூரிலிருந்து ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தானே. ஒருவேளை காசு அதிகம் கேட்டிருப்பாள், அவர் கணக்குப் பார்த்திருப்பார், அதைச் சொல்ல வெட்கப்பட்டு இப்படிச் சொல்லியிருப்பார். ஆமாம், அப்படித்தான். இதற்குப் போய் அலட்டிக்கொள்வதா. கிளாரா அதற்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டிமேல் இருந்த மோரைத் தொடாமல், பார்க்காமல், விரலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். மோர் முகர்ந்துவிட்டு முகத்தை அந்த விரலில் தேய்த்தது. இதோ பார், தேவடியாள் கழுதை, ஒரு நிமிஷத்தில் கட்சி மாறுகிறதைப் பார், என்று இவளுக்குச் சிரிப்பும் ஆற்றாமையுமாக வந்தது. கடுகு எழுந்து பீரோ மேலே போய்விட்டது. அதுதான் நம் பெண்.

"ஆபரேஷன் ரெண்டுக்கும் ஆயிடுச்சுன்னு சார் சொன்னாரு. ஊசி போட்ட கார்டு இருக்குமே, அது குடுத்துருங்கக்கா."

"அஞ்சு நாளைக்கு அது எதுக்கு?"

கிளாரா குனிந்து கூடையின் கொக்கியைச் சரிபார்த்தாள். "வெச்சுக்கறது நல்லதுதானக்கா. திடீர்னு ஒடம்புக்கு வந்தா."

அதுவும் நியாயம்தான். அருள்செல்வி பீரோவைத் திறந்து கார்டுகளை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். மோருக்குக் கிண்ணம் அகலமாக இருக்க வேண்டும், மீசை இடித்தால் சாப்பிடாது. கடுகு தண்ணீரைக் குழாயில் சொட்டவிட்டால்தான் குடிக்கும். ரெண்டையும் சேர்த்து வைக்க வேண்டும், தனித்தனியாக வைத்தால் ராத்திரியெல்லாம் ஒன்றை ஒன்று கூப்பிடும். கிளாரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டியபடியே, வீடு மாறினா மொதல் ரெண்டு மாசம் அப்பிடித்தான்க்கா, அப்பறம் பழகிடும், என்றாள். சொன்ன உடனே வேறு எதையோ பேச ஆரம்பித்தாள், தன் வீட்டில் நாய் கிடையாது என்றாள், மாடிப்படிக்கு வலை போட்டிருக்கிறது என்றாள். அருள்செல்விக்கு அந்த ரெண்டு மாசம் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது. ரெண்டு மாசமா? பொதுவாகச் சொல்லியிருப்பாள். பூனை வளர்க்கிறவர்கள் வீடு மாறிப் போவதில்லையா, அவர்களைச் சொல்லியிருப்பாள். கேட்டுவிடலாம். கேட்டால் என்ன நினைப்பாள், சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாள், கோபித்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் ரயில், அத்தை, நாகர் சிலை, எல்லாம் இவள் தலையில் விழும். கேட்கவில்லை. பீரோ மேலிருந்து கடுகைப் பிடித்து இறக்கினாள். அது நகத்தை இவள் தோளில் ஊன்றிக்கொண்டு, கூடைக்குள் பின்னங்காலை வைக்க மாட்டேன் என்று விறைத்தது. ஒண்ணுமில்லடி, கொஞ்ச நேரம்டி, கொஞ்சம், என்று இவள் சொல்லிக்கொண்டே அமுக்கினாள். சொன்ன பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. அந்த மேகம் வரைந்த அறையில் நர்ஸ் பேசுகிற அதே குரல்.

கொக்கி போட்டாயிற்று. ரெண்டு கூடைக்குள்ளேயும் ரெண்டு ஜோடிக் கண்கள். கிளாரா எழுந்து நின்று, தோள்பையில் கையை விட்டுத் துழாவி, ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து அருள்செல்வியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கிவிட்டாள்.

"என்னதுங்க இது?"

"வெச்சுக்கக்கா. ஜீவனைச் சும்மா வாங்கிட்டுப் போகக்கூடாது. ஒத்த ரூபாயாவது குடுத்து வாங்கினாத்தான் நம்ம கையில நிக்கும். எங்கம்மா கோழிக்குஞ்சு வாங்கினாக்கூட..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, ஆனால் முகம் அப்படி ஆயிற்று.

அருள்செல்விக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியும். அவள் ஊரிலும் அப்படித்தான். நாய்க்குட்டி கேட்டு வருகிறவர்கள் கொல்லையில் நின்றுகொண்டு, இனாமாக வேண்டாம் என்று காசைத் திணித்துவிட்டுத் தூக்கிப் போவார்கள். வாங்குகிறவர்கள்தான் கொடுப்பார்கள். அஞ்சு நாள் பார்த்துக்கொள்கிறவர்கள் கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். நாம் என்ன கொடுக்கப் போகிறோம் என்று இதுவரை பேச்சே எழவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அஞ்சு நாளைக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

கிளாரா கூடைகளை மெல்லக் கீழே வைத்தாள். "அக்கா, சாருதான் போன வாரம் வந்தாரு. வீட்டுக்காரம்மா அழுவாங்க, அஞ்சு நாள்னே சொல்லுங்க, திரும்பி வந்த பெறவு நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்னாரு. என் தங்கச்சி ரெட்ஹில்ஸ்ல தனி வீட்ல இருக்கா, புள்ளைங்க பூனை பூனைன்னு அழுதுங்க, நல்ல எடந்தான்க்கா, சத்தியமா நல்லாப் பாத்துப்பா. சரி, ஒரு பொய்தானே, சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். பொய் சொல்லிட்டேன், பாருங்க. காசு குடுக்காமப் போக மனசு வரல. சும்மா வாங்கிட்டுப் போயி அதுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அருள்செல்வி பெட்டிமேல் உட்கார்ந்தாள். மோர் படுத்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கோழிக்கறி. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சட்டை முடியைத் தட்டாதது. பத்திரமா அனுப்பி வைம்மா. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தன் தன் இடத்தில் உட்கார்ந்தன. பிரியம்தான் அது, அதில் சந்தேகமில்லை, வழியனுப்புகிற பிரியம். அவராக எடுத்து முடித்த காரியம் என்று தங்கையிடம் வேறு பெருமையடித்தோமே. திரும்பி வந்து கூடத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, பக்குவமாகச் சொல்லியிருப்பார். இவளும் அழுதுவிட்டு, சரி நல்ல இடமாச்சே என்று, மண் தட்டைக் கழுவிக் குப்பைக்காரரிடம் கொடுத்திருப்பாள். அப்படித்தான் நடந்திருக்கும். கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள், வந்தது, ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்று நின்றுகொண்டிருந்தது, கோபத்தைவிடப் பெரிதாக, அதைத்தான் இத்தனை வருஷம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பூனைகள் போய்விடும். வீடு சுத்தமாகிவிடும். அத்தை வந்து சாம்பிராணி போடுவாள், இங்கேயே தங்கிவிடுவாள், கால் தேய்த்துவிடுவாள். நாலாவது தரம் ஊசி ஆரம்பிக்கும். அந்த மேகத்துக்குக் கீழே படுப்பாள். தங்குமா தங்காதா என்று பதினைந்து நாள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். அதற்கப்புறம், அதற்கப்புறமும் தங்காவிட்டால்? பாம்புக்குப் பால் ஊற்றியாயிற்று. பூனையை அனுப்பியாயிற்று. திட்டுவதற்கு வீட்டில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? சுற்றிலும் பார்த்தாள். நாற்காலி, பீரோ, ஜன்னல், வலை. அவள். அவள் ஒருத்திதான் மிச்சம். அதுதான் அந்த ராத்திரித் தூக்கத்தின் நிம்மதி. சனியனுங்க, பாவிங்க என்று அத்தை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தனக்கு வரவேண்டியது, வழியில் இந்த ரெண்டும் குறுக்கே படுத்துக்கொண்டு வாங்கிக்கொண்டன. அதற்காகத்தானே பதில் பேசாமல் இருந்தாள். டாக்டரம்மா சொன்னதை ஒரு தரம் உரக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லையே. பூனையால் இல்லை அத்தை என்று சொல்லிவிட்டால், பின்னே எதனால் என்று கேட்பார்களே. அந்தக் கேள்விக்குப் பயந்து, வாயில்லாததுகளின் பின்னால் ஒளிந்துகொண்டு, நாலு வருஷம். குழந்தை வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்வாள். ஊசி வேண்டாம் என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அதை யாரும் கேட்டதில்லை, கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது. கூடைக்குள்ளிருந்து கடுகு ஒரு தரம் கூப்பிட்டது. அடுத்த கூடையிலிருந்து மோர் பதில் சொன்னது.

"கொக்கியை எடுத்து விட்டுடுங்க," என்றாள் அருள்செல்வி.

கிளாரா குனிந்து திறந்துவிட்டாள். மோர் வெளியே வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி சோம்பல் முறித்தது. கடுகு ஓடிப்போய்ப் பீரோ அடியில் நுழைந்தது.

"சாரு கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன். உங்களுக்கு அலைச்சல்தான். மன்னிச்சுக்கோங்க." நாணயத்தை நீட்டினாள். கிளாரா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தங்கச்சிக்கு வேற எங்கியாவது பாத்துக்கறேன், என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே பக்கவாட்டில் வெளியே போனாள்.

அதற்கப்புறம் நேரம் நகரவே மாட்டேன் என்றது. போன் பண்ணிச் சொல்லிவிடலாமா? போனில் சொன்னால் அவன் பக்குவமாகப் பேசுவான், அவனுடைய பக்குவத்துக்கு முன்னால் இவளுக்கு என்றைக்கும் வார்த்தை வந்ததில்லை. தலைவலி என்று படுத்துக்கொள்ளலாமா? மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போவார்கள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு திறக்காமல் இருக்கலாமா? எத்தனை நேரம் இருப்பாய், அக்கம்பக்கம் கூடும், கீழ் வீட்டு டீச்சர் முதல் ஆளாக வந்து நிற்பாள். பூனைகளைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போய்விடலாமா? அங்கே கைக்குழந்தை, அந்த இரக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நல்ல மனுஷர் நின்றுகொண்டு, வாம்மா என்று கையை நீட்டுகிறார். இவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்து, அந்த நினைப்புக்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து போய்த் தீனிக் கிண்ணத்தைக் கழுவினாள். கழுவின கிண்ணத்தையே திரும்பவும் கழுவினாள். கீழே டாக்ஸி வந்து நிற்கிற சத்தமும், லிஃப்ட் கதவின் சத்தமும் கேட்டன.

புகழேந்தி சாவி போட்டுத் திறந்தான். பின்னால் அத்தை, தலை நிறையப் பூ, கையில் கட்டுச்சோற்றுக் கூடை. வழியில் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று மேலே வந்திருக்கிறாள். உள்ளே கால் வைத்தவள் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்த மோரைப் பார்த்தாள்.

"இன்னும் போகலையா இதுங்க?" என்றாள். சொல்லிவிட்டு மகனைப் பார்த்தாள்.

புகழேந்தி அருள்செல்வியைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "கிளாரா வரலையா அருள்?"

"வந்தாங்க. போயிட்டாங்க."

"பின்ன இதுங்க..."

"இங்கதான் இருக்கும்."

"அருள், ரயிலுக்கு நேரமாச்சு. இப்ப எதுவும் பேச வேணாம். போயிட்டு வந்து பேசிக்கலாம்மா. உனக்காகத்தான், நம்ம ரெண்டு பேருக்காகத்தான் நான்..." அவன் குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. இன்னும் ஒரு வாக்கியம் இப்படியே பேசினால் சரி என்று சொல்லிவிடுவோம் என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. அவனை விட்டுவிட்டு அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"இதுங்க போயிடுதுன்னே வெச்சுக்கலாம். நாமும் ராமேஸ்வரம் போயிட்டு வந்துடறோம். அதுக்கப்புறமும் தங்கலைன்னா, யாரைச் சொல்லுவீங்க?"

அத்தைக்குக் கேள்வி புரியாமல் இல்லை. கட்டுச்சோற்றுக் கூடையைக் கீழே வைத்தாள். பொய் சொல்லிப் பழகாத மனுஷி, கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள்.

"யாரைச் சொல்ல," என்றாள் மெதுவாக. "உன்னைத்தான்மா சொல்லுவாங்க. ஊரு சொல்லும்." நிறுத்திவிட்டு, "நானும் சொல்லத்தான் சொல்லுவேன்," என்றாள்.

"அம்மா," என்றான் புகழேந்தி.

அருள்செல்விக்கு வலித்தது, ஆனால் இந்தத் தரம் யாரும் கொஞ்சம்தான் வலிக்கும் என்று சொல்லவில்லை, அதுவே ஆறுதலாக இருந்தது.

"அப்ப இன்னிக்கே சொல்லிடுங்கத்தை," என்றாள். "எனக்கு இதுக்கு மேல ஊசி வேணாம், நான் இனிமே போட்டுக்கப் போறதில்ல. அதுக்கும் சேத்து என்னையே சொல்லுங்க. அதுங்கள விட்டுடுங்க."

கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். புகழேந்தி அசையவில்லை. அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, சொல்வதற்கு வாயைத் திறந்தாள். எதிரே நின்று கேட்கிற ஒருத்தியிடம் சொல்ல அவளுக்கு வார்த்தை கூடி வரவில்லை. அருள்செல்வி நகரவில்லை. வருகிற வசவு வரட்டும் என்று அங்கேயே நின்றாள்.